ஜீன் ஆன்டாலஜி: மரப்பட்டியலா, வலைப்படமா?

ஜீன் ஆன்டாலஜி என்பது மரபணுக்களின் பணிகளை விவரிக்கும் கருத்துகளை உறவுகளோடு அடுக்கிய தொகுப்பு. 1998-இல் தொடங்கிய அதில் இன்று உயிரியல் கருத்துகள் பல்லாயிரம். இவற்றை மரப்பட்டியலாகவும் விரிக்கலாம், வலைப்படமாகவும் வரையலாம்.

இத்தகைய தொகுப்புகளைத் திருத்த உதவும் புரோட்டெஜே மென்பொருளில் கருத்துகளுக்கான பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் தெரிவது மரப்பட்டியல். சொடுக்கச் சொடுக்கக் கிளை விரியும்; எத்தனை ஆயிரம் இருந்தாலும் திணறாது. பெயர் தெரிந்த ஒன்றைத் தேடிப்பிடிக்க இதற்கு ஈடில்லை.

ஆனால் ஜீன் ஆன்டாலஜி உண்மையில் மரமே அல்ல. 'மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு' என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மைட்டோகாண்ட்ரியச் சவ்வு. கூடவே, ஒரு நுண்ணுறுப்பின் உட்சவ்வு. ஆக, அதற்கு மேலே பெற்றோர்க் கருத்துகள் இரண்டு; மரத்திலோ ஒன்றுதான் இருக்க முடியும். மரப்பட்டியல் அதை இரண்டு இடங்களில் தனித்தனியாகக் காட்டுகிறது. இரண்டும் ஒன்றே என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும். 'இதன் பகுதி', 'இதை ஒழுங்குபடுத்துகிறது' போன்ற உறவுகளும் அந்தப் படிநிலையில் தெரியாமல் போகின்றன. எனக்கு இது பெரிய இழப்பு.

வலைப்படத்தில் அந்தச் சவ்வு ஒரே கணு. இரு கோடுகள் மேலே போகின்றன, உறவுக்கு ஒரு நிறம். முழுவதையும் ஒரே திரையில் கொட்டினால் மட்டும் சிக்குப்பிடித்த நூல்கண்டுதான். குவிக்‌கோ என்ற ஜீன் ஆன்டாலஜித் தேடல் தளம் செய்வதுபோல, தேர்ந்த ஒரு கருத்தின் மூதாதையரை மட்டும் வரையுங்கள். பட்டியலில் தேடிவிட்டு, புரிந்துகொள்ள நான் போவது அந்தப் படத்துக்குத்தான்.