சிங்கப்பூர்ல அப்பா அம்மாவோட கடைசி நாள்: கார்டன்ஸ் பை தி பேயா, பொட்டானிக் கார்டனா, ஜுவலா?

ஊர்ல இருந்து வந்த அப்பா அம்மா ராத்திரி ஃபிளைட்ல கிளம்புறாங்க, பகல் முழுக்க கையில இருக்கு, எங்க கூட்டிட்டு போறது? இன்னும் பாக்காத இடம் எதுன்னு லிஸ்ட் எடுத்து டிக் பண்றவங்கதான் நிறைய. நான் பாக்குறது வேற, அவங்க முழங்கால் எவ்ளோ தாங்கும், அன்னைக்கு அவங்ககூட உக்காந்து பேச நேரம் கிடைக்குமா, அவ்ளோதான்.

செந்தோசா தீவு வேண்டாம். யுனிவர்சல் ஸ்டுடியோஸ்ல நாள் முழுக்க வெயில்ல நடந்துட்டு அப்படியே போய் நாலு மணி நேரம் ஃபிளைட்ல உக்காருன்னு அறுபது தாண்டினவங்கள சொல்றது பாவம்.

கார்டன்ஸ் பை தி பே அழகுல குறையே இல்ல. ஃப்ளவர் டோம் உள்ள ஏசி குளுகுளுன்னு இருக்கும், கிளவுட் ஃபாரஸ்ட்ல 35 மீட்டர் உசர மலை, அதுல இருந்து அருவி, லிஃப்ட்ல மேல போயிட்டு மெதுவா இறங்கி வரலாம். ஆனா அந்தரத்துல தொங்குற மாதிரி நடைபாதை இருக்கு, உயரம்னா தலை சுத்துற அம்மாவுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. என்னோட தயக்கம் வேற. அந்த இடத்தோட உயிரே சாயங்காலம்தான், சூப்பர்ட்ரீங்கற ராட்சத மரம் மாதிரி கோபுரங்கள்ல லைட் எல்லாம் பாட்டுக்கு ஏத்தமாதிரி எரிஞ்சு அணையுற ஷோ 7:45-க்கும் 8:45-க்கும். பத்து மணி ஃபிளைட்காரங்க அந்நேரம் ஏர்போர்ட்ல இருந்தாகணும். பகல்ல போயிட்டு அதைப் பாக்காம திரும்புறதுக்கு, வந்த முதல் வாரத்துலயே ஒரு சாயங்காலம் கூட்டிட்டு போயிடுறதுதான் சரி.

காலைல பொட்டானிக் கார்டன், என் ஓட்டு அதுக்குத்தான். 1859-ல ஆரம்பிச்ச தோட்டம், 2015-ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு, காலைல 5 மணிக்கே திறந்துடுவாங்க, உள்ள போக காசு கிடையாது, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். ஒரு விஷயம் கவனிங்க, பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்கினா ஆர்க்கிட் தோட்டம் நல்ல தூரம், வயசானவங்களுக்கு அதுலயே பாதி தெம்பு போயிடும், அதனால டாக்ஸில நேரா நாசிம் கேட் போய் இறங்குங்க. ஏழரை எட்டுக்குள்ள போயிட்டா வெயில் ஏறாது, மரத்தடில பெஞ்ச் கிடக்கும், ஸ்வான் லேக் பக்கம் உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வராது.

அப்பாக்களுக்கு இங்க சொல்ல ஒரு கதையும் இருக்கு. 1877-ல லண்டன் கியூ தோட்டத்துல இருந்து ரப்பர் கன்னுங்க இங்கதான் வந்துச்சு. 1888-ல பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாம திரும்பத் திரும்ப பால் எடுக்குற மாதிரி பட்டையைச் சீவுற முறைய இங்கதான் கண்டுபிடிச்சாரு. அதுக்கப்புறம் மலாயா முழுக்க ரப்பர் தோட்டமாச்சு, அந்தத் தோட்டங்கள்ல பால் வெட்டினதுல பெரும்பகுதி நம்ம ஊர்ல இருந்து கப்பல் ஏறிப் போன ஜனங்க. தாத்தாவோ தாத்தாவோட பங்காளியோ மலாயா போனாருன்னு ஒரு பேச்சு தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் எத்தனை வீட்ல இருக்கு. இதைச் சொல்லி அப்பாவைப் பேச விடுங்க, நீங்க கேட்டே இருக்காத பேரெல்லாம் வெளிய வரும். டிக்கெட் வாங்கிப் பாக்குற எந்த இடமும் எனக்கு இதுக்கு ஈடா தெரியல.

அம்மா கிளம்புற அன்னைக்கு கோயில் கேட்டாங்கன்னா அதை முதல்ல முடிச்சிடணும், இங்கயும் மத்தியானம் நடை சாத்திடுவாங்க. 1827-ல கட்டின சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் போகலாம், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் ஷாப்பிங் பாக்கி இருந்தா சிராங்கூன் ரோட்டுலயே வீரமாகாளியம்மன் இருக்கு.

அப்போ சாங்கி ஏர்போர்ட்ல இருக்குற ஜுவல்? தனி இடமா எடுத்தா அது ஒரு மால்தான், அதுக்குன்னு ஒரு பகல் கொடுக்க மாட்டேன். ஆனா மத்தியானம் வீட்ல சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு நாலு மணிக்கு மேல கிளம்பினா, ஜுவலை அடிச்சுக்க ஆளே இல்ல. 40 மீட்டர் உசரத்துல இருந்து கட்டடத்துக்குள்ளயே விழுற அருவி, சுத்தி மரம், இருட்டினதும் அருவி மேல லைட் ஷோ. மழை கொட்டினாலும் கவலை இல்ல, டெர்மினல் 1 ஒட்டியே இருக்கு, 2-க்கும் 3-க்கும் பாலம் வழியா போயிடலாம். மேல் மாடி கேனப்பி பார்க்குக்கு டிக்கெட் எடுக்கணும், பெரியவங்களுக்கு அது தேவையே இல்ல, அருவி எதிர்ல உக்கார இடம் கிடைச்சா போதும். சில ஏர்லைன்ஸுக்கு அங்கயே முன்கூட்டி செக்கின் உண்டு, இல்லன்னா காசு கட்டி பொட்டிய வச்சுட்டு சுத்தலாம்.

ஜிஎஸ்டி ரீஃபண்டை மட்டும் மறந்துடாதீங்க. 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல வாங்கின பொருளுக்கு டூரிஸ்ட்டா வந்த அவங்களுக்குத்தான் கிடைக்கும், அதனால கடைல அவங்க பாஸ்போர்ட்டை காட்டித்தான் வாங்கியிருக்கணும். பொருள் பெரிய பொட்டில போகுதுன்னா பொட்டிய போடுறதுக்கு முன்னாடியே செக்கின் ஹால் மெஷின்ல பதிஞ்சிடணும், ஜுவல்ல சீக்கிரம் செக்கின் பண்றவங்க இதை முதல்ல முடிச்சுக்கோங்க. வீல்சேர் வேணும்னா அன்னைக்கு கவுண்டர்ல போய் நிக்காம ரெண்டு மூணு நாள் முன்னாடியே ஏர்லைன்ஸ்கிட்ட சொல்லி வைங்க.