குளத்து நீருக்கடியில் உருவப்படம் எடுக்க எந்த ஹவுசிங்: அலுமினியமா, பாலிகார்பனேட்டா?

நீச்சல் குளத்தில் நீருக்கடியில் ஆடையும் கூந்தலும் மிதக்க உருவப்படம் எடுக்க விரும்புபவர் முன் மூன்று வழிகள் உள்ளன: கேமராவை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பை, பாலிகார்பனேட் (கடினமான பிளாஸ்டிக்) ஹவுசிங், அலுமினிய ஹவுசிங். ஹவுசிங் என்பது கேமராவை நீர் புகாமல் அடைத்து வைக்கும் பெட்டி. நான் ஐக்கலைட் நிறுவனத்தின் பாலிகார்பனேட் ஹவுசிங்கை வாங்கிப் பயன்படுத்துகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பை மலிவு, ஏறத்தாழ எந்த கேமரா பாடிக்கும் பொருந்தும். ஆனால் அதன் முகப்பு தட்டைக் கண்ணாடி. அதன் பின்னால் 24 மி.மீ. லென்ஸ் நீரில் ஏறத்தாழ 32 மி.மீ. லென்ஸ் போலக் குறுகிவிடும், ஓரங்களும் இழுபட்டுத் தெரியும். குளத்து நீரின் மங்கலைத் தவிர்க்க மாடலை நெருங்கியே நிற்க வேண்டியிருப்பதால் முழு உருவத்துக்கு வைட் லென்ஸும், அது நீரில் குறுகாமலிருக்க அரைக்கோளமாக வளைந்த முகப்பான டோம் போர்ட்டும் தேவைப்படுகின்றன.

ஆழத்தை வைத்து மற்ற இரண்டையும் ஒப்பிடுவதில் பயனில்லை. நாட்டிகாம் நிறுவனத்தின் அலுமினிய ஹவுசிங்குகள் பொதுவாக 100 மீட்டர் வரையும், என்னுடையது 60 மீட்டர் வரையும் தாங்கும். குளமோ மூன்று, நான்கு மீட்டர்தான். கைக்கு அடக்கமாக இருப்பதிலும் பொத்தான்கள் விரலுக்கு எட்டுவதிலும் அலுமினியமே மேல் என்பதை மறுக்க மாட்டேன்.

முடிவைத் தீர்மானிப்பது மறுவிற்பனை. ஹவுசிங் என்பது ஒரே ஒரு பாடியின் பொத்தான்களுக்கேற்ப வடிவமைக்கப்பட்ட பெட்டி. கேனான் ஆர்6 கேமராவில் இடப்பக்கம் இருந்த ஆன்-ஆஃப் சுவிட்ச், அதன் அடுத்த பதிப்பான மார்க் 2-இல் வலப்பக்கம் போய்விட்டது. பழைய பெட்டியில் புதிய பாடியை முறையாக இயக்க வழியில்லை. விற்கலாம் என்றால், அதே பாடியை இன்னும் வைத்திருப்பவர் மட்டுமே வாங்குவார். அப்படிப்பட்டவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருவார்கள். பல சமயம் கேமராவையே மிஞ்சும் விலை கொடுத்து வாங்கிய அலுமினியப் பெட்டி இப்படி முடங்கும்போது இழப்பு பெரிது. டோம் போர்ட்டும் ஸ்ட்ரோபும் (ஃபிளாஷ் விளக்கும்) அப்படியல்ல. அதே நிறுவனத்தின் அதே வகை மவுண்ட் (டோமைப் பெட்டியில் பொருத்தும் இணைப்பு) தொடரும்வரை டோம் அடுத்த பெட்டிக்கும் பொருந்தும். எனவே பணத்தை டோமிலும் விளக்கிலும் போட்டு, பெட்டியை மலிவாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய பாடியும் ஹவுசிங்கும் ஒரே செட்டாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. விற்கும்போதும் செட்டாகவே விற்கலாம்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நீர் புகாமல் பெட்டியை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் கழற்றி, பள்ளத்தைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மெலிதாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். நடுவே ஒரு தலைமுடி சிக்கினாலும் நீர் கசியும். என் ஹவுசிங்கின் பின்பக்கம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால், உள்ளே ஒரு துளி சேர்ந்தாலும் உடனே கண்ணில் பட்டுவிடும்.

நான் எடுத்ததெல்லாம் குளத்தில்தான். படகில் அடிபட்டு, உப்பு நீரில் ஓயாமல் உழைக்க வேண்டிய பெட்டிக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். குளத்துக்கு மட்டும் என்றால், மிச்சமாகும் பணத்தில் கரையிலிருந்து மேலொளி தர இன்னொரு ஸ்ட்ரோப் வாங்கலாம். ஸ்ட்ரோபை ரேடியோ அலையால் தூண்டும் ரேடியோ டிரிகர் நீருக்குள்ளிருந்து வேலை செய்யாது என்பதால், நீருக்கடியில் மின்னும் ஸ்ட்ரோபின் ஒளியைக் கண்டு தானும் மின்னும் ஆப்டிகல் ஸ்லேவ் வசதி அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.