லேடிலுக்கு எந்தச் செங்கல்? நான்கு லைனிங்குகள், ஓர் அலசல்

உருக்காலையில் உருகிய எஃகை ஏந்திச் செல்லும் பெரிய வாளிதான் லேடில். அதற்குள் 1600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் எஃகு ததும்பிக்கொண்டிருக்கும். அதைச் சுமக்கும் லேடிலின் ஓடும் எஃகுதான். ஏறக்குறைய 1500 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது லைனிங் எனப்படும் ஒரு சாண் கனமுள்ள செங்கல் சுவர். ஆட்கள் வேலை பார்க்கும் ஷெட்டுக்குள் கிரேனில் தொங்கியபடி அந்த லேடில் கடந்து போகிறது. அதனால்தான், எந்தச் செங்கல் என்பதை விலைப்பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

செங்கல் தேர்வு என்றதும் பலரும் முதலில் உருகுநிலையைப் பார்ப்பார்கள். சிலிக்கா சுமார் 1720 டிகிரி, அலுமினா 2050, சுண்ணாம்பு 2600-ஐ ஒட்டி, மேக்னீசியா 2800. இந்த வரிசையைப் பார்த்தால் மேக்னீசியா ஜெயித்துவிட்டது, பேச்சே இல்லை என்று தோன்றும். ஆனால் லேடிலில் நல்ல செங்கல் எதுவும் வெறும் சூட்டினால் உருகி ஓடுவதில்லை. எஃகின் மேல் மிதக்கும் உருகிய கசடு அதைக் கரைக்கிறது. சூடு ஏறி இறங்கும்போது விரிசல் விடுகிறது. காற்றுப் பட்டு அதிலுள்ள கார்பன் எரிகிறது, ஈரம் பட்டால் பொடிகிறது. ஆகவே என் கணக்கில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: உங்கள் கசடு என்ன குணம்? உங்கள் லேடில் எத்தனை தடவை ஆறிப்போகிறது?

முதல் கேள்வியின் கனம் புரிய 1870களுக்குப் போக வேண்டும். இரும்புக்குள் காற்றை ஊதி எஃகாக்கும் உலைகளான அன்றைய பெஸ்ஸிமர் கன்வெர்ட்டர்களில் சிலிக்கா லைனிங். இரும்பில் இருக்கும் பாஸ்பரஸைக் கசடுக்குள் இழுக்கச் சுண்ணாம்பு வேண்டும்; சுண்ணாம்பைப் போட்டால், காரக் குணமுள்ள அது அமிலக் குணமுள்ள சிலிக்காச் செங்கலையே தின்றுவிடும். அதனால் பாஸ்பரஸ் நிறைந்த ஐரோப்பியத் தாதுக்கள் எஃகுக்குப் பயன்படாமல் கிடந்தன. லண்டனில் போலீஸ் கோர்ட் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ், வேல்ஸ் நாட்டு இரும்பாலை ஒன்றில் வேதியியலாளராக இருந்த பெர்சி கில்கிரிஸ்ட் என்ற தன் உறவினரோடு சேர்ந்து, சுண்ணாம்பும் மேக்னீசியாவும் கலந்த டோலமைட் கல்லால் லைனிங் போட்டு இந்த முடிச்சை அவிழ்த்தார். 1879-க்குள் முறை நிரூபணமானது. லொரேன் பகுதியின் தாது திடீரென்று மதிப்புள்ளதாயிற்று. உலையில் மாறியது செங்கல்லும் அதனால் போட முடிந்த சுண்ணாம்பும்தான். ஒரு கண்டத்தின் எஃகுத் தொழிலே திசை மாறியது. தாமஸ் 1885-ல், 34 வயதில் இறந்துபோனார்.

இந்தக் கணக்கு இன்றும் அப்படியேதான். தமிழ்நாட்டின் சின்ன ஆலைகளில் ஓடும் இண்டக்‌ஷன் உலைகளில் சிலிக்கா ராம்மிங் மாஸ், அதாவது இடித்து இறுக்கும் சிலிக்காப் பொடி, போடுகிறார்கள். மலிவு, வேலையும் சுலபம். ஆனால் அந்த லைனிங்கில் பாஸ்பரஸை எடுக்க முடியாது; ஸ்கிராப்பில் என்ன வந்ததோ அதுதான் கம்பியிலும் போகும்.

சரி, லேடிலுக்கு வருவோம்.

உயர் அலுமினாச் செங்கல்

அலுமினியத் தாதுவான பாக்சைட்டிலிருந்து செய்யும், 70 முதல் 85 சதவீதம் அலுமினா உள்ள சுட்ட செங்கல். கிடங்கில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், மழைக்காலம் ஒன்றும் செய்யாது. விரிவு குறைவு, கொத்தனார்களுக்குப் பழகிய சரக்கு, விலையும் தாங்கும். லேடில் எஃகை வாங்கி வார்ப்புக்குக் கொண்டுபோவதோடு வேலை முடிந்த காலத்தில் இது போதுமானதாக இருந்தது.

லேடில் ஃபர்னஸ் வந்ததும் கதை மாறியது. இப்போது லேடிலுக்குள்ளேயே மின்பொறியால் ஆர்க் கொளுத்திச் சூடேற்றுகிறோம், ஆர்கான் வாயு விட்டுக் கலக்குகிறோம், சுண்ணாம்பு மிகுந்த கசடைப் போட்டு கந்தகத்தை எடுக்கிறோம். அந்தச் சுண்ணாம்பு, செங்கல்லில் உள்ள அலுமினாவோடும் சிலிக்காவோடும் சேர்ந்து, எஃகின் சூட்டைவிட வெகு கீழேயே உருகும் சேர்மங்களை உண்டாக்குகிறது. கசடுக் கோட்டில், அதாவது கசடு மிதக்கும் மட்டத்தில், சுவர் குழிந்து போகிறது. இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எஃகில் கரைந்திருக்கும் அலுமினியம், செங்கல்லில் உள்ள சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. எஃகில் சிலிக்கான் ஏறுகிறது, அலுமினாத் துகள்கள் அழுக்காக மிதக்கின்றன. சுத்தமான எஃகு செய்ய நினைக்கும் ஆலைக்கு, செங்கல் தேய்வதைவிட இது பெரிய நஷ்டம். பின்புறப் பாதுகாப்பு அடுக்குக்கு இன்றும் நல்ல தேர்வு. எஃகைத் தொடும் முன் அடுக்குக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேக்னீசியா-கார்பன்

1970களில் ஜப்பானில் வளர்ந்தது. மேக்னீசியா மணிகளோடு கிராஃபைட்டைக் கலந்து, ஃபினாலிக் ரெசினால் பிணைத்து, சூளையில் சுடாமல் வெறும் இளஞ்சூட்டில் இறுக்கிய செங்கல். லேடிலுக்கு ஏறக்குறைய 10 சதவீதத்தை ஒட்டியும், கன்வெர்ட்டருக்கு அதைவிடக் கூடுதலாகவும் கார்பன் இருக்கும்.

இதன் அழகு, இரண்டு பொருள்களும் ஒன்றின் குறையை மற்றொன்று மூடுவதில் இருக்கிறது. தனி மேக்னீசியா கசடை எதிர்க்கும். ஆனால் சூட்டில் மிகவும் விரியும், திடீரென்று ஆறினால் பிளக்கும், மணிகளுக்கு நடுவே கசடை உறிஞ்சும். கிராஃபைட்டின் மேல் கசடு ஒட்டுவதில்லை. அதனால் உள்ளே இறங்குவதில்லை. கிராஃபைட் சூட்டைச் சீக்கிரம் பரப்புவதால் விரிசலும் குறைகிறது. கசடுக் கோட்டுக்கு இதற்கு நிகரான போட்டியாளர் அரிது.

குறைகளும் கிராஃபைட்டால்தான் வருகின்றன. சூட்டை நன்றாகக் கடத்துவதால் லேடில் ஓடு கூடுதலாகச் சுடும், எஃகின் வெப்பநிலை சீக்கிரம் இறங்கும். அதை ஈடுகட்ட மின்சாரம் எரிக்க வேண்டும். வார்ப்பு முடிந்து காலியாக நிற்கும் லேடிலைப் பர்னர் வைத்துச் சூடாக்கும்போது, மேற்பரப்பிலுள்ள கார்பன் எரிந்துபோய் சொரசொரப்பான சொத்தை அடுக்கு மிஞ்சும். அடுத்த ஹீட்டில், அதாவது அடுத்த முறை எஃகை ஏந்தும்போது, கசடு அதைத் துடைத்து எடுத்துவிடும். உலையிலிருந்து தவறி வரும் இரும்பு ஆக்சைடு மிகுந்த கசடும் இதே வேலையைச் செய்யும். வேக்கூம் டிகேஸிங், அதாவது வெற்றிடத்தில் எஃகின் வாயுக்களை நீக்கும் வேலை, செய்யும் ஆலைகளில் இன்னொன்று: அழுத்தம் குறையும்போது மேக்னீசியாவும் கார்பனும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, மேக்னீசியம் ஆவியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் போய்விடும். வெளியிலிருந்து யாரும் தாக்காமலே செங்கல் உள்ளுக்குள் இளைக்கிறது.

கார்பன் எரியாமலிருக்க அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். நல்ல உத்திதான். ஆனால் அது சூட்டில் அலுமினியம் கார்பைடாக மாறுகிறது. லேடில் முழுக்க ஆறி, காற்றின் ஈரம் பட்டால், அந்தக் கார்பைடு நீரோடு வினைபுரிந்து ஊதிப் பெருத்து செங்கல்லைப் பிளக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லேடிலை ஆறவிட்டு, திங்கட்கிழமை திரும்பச் சூடேற்றும் ஆலைகளில், "நல்ல செங்கல்தான் வாங்கினோம், ஏன் உதிர்கிறது?" என்ற கேள்வி வருவது இதனால்தான். அப்படிப்பட்ட ஆலை, அலுமினியம் குறைந்த ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இதன் தம்பி ஒருவர் உண்டு: அலுமினா-மேக்னீசியா-கார்பன். பக்கச் சுவருக்கும் அடித்தளத்துக்கும் இவர்தான் பொருத்தம். வேலைச் சூட்டில் அலுமினாவும் மேக்னீசியாவும் சேர்ந்து ஸ்பைனல் என்ற புதிய படிகமாகி, செங்கல் கொஞ்சம் விரிகிறது. செங்கல்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகள் தானாக மூடிக்கொள்கின்றன. இணைப்பு வழியே எஃகு விரல் விட்டு இறங்குவதுதான் லேடில் ஓட்டையின் தொடக்கம். அதை அடைக்கும் எந்தக் குணமும் எனக்குப் பெரிது.

டோலமைட்

தாமஸின் செங்கல் சாகவில்லை. சுட்ட டோலமைட்டில் ஏறக்குறைய 58 சதவீதம் சுண்ணாம்பு, 40 சதவீதம் மேக்னீசியா. கல் இந்தியாவிலேயே கிடைக்கிறது. ஒடிசாவின் பிர்மித்ராபூர் பகுதிச் சுரங்கங்கள் நெடுங்காலமாக உருக்காலைகளுக்குத் தருகின்றன. உயர்ந்த ரக மேக்னீசியாவைவிட மலிவு. எஃகுக்கு ஆக்சிஜன் தராது, கந்தகம் எடுக்கும் வேலைக்கு இடைஞ்சல் செய்யாது. சிலிக்கானால் ஆக்சிஜன் நீக்கிய எஃகில், கசடின் சிலிக்கா செங்கல்லின் சுண்ணாம்போடு சேர்ந்து டைகால்சியம் சிலிக்கேட் ஆகிறது. அது 2100 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதாவது, கசடு தாக்கும்போதே தனக்கு எதிரான கவசத்தையும் கட்டிவிடுகிறது. சூட்டில் லேசாக இளகி இறுகுவதால் சுவர் முழுக்க ஒரே பாளம் போலாகிறது.

அலுமினியத்தால் ஆக்சிஜன் நீக்கினால் நிலைமை தலைகீழ். சுண்ணாம்பும் அலுமினாவும் சேர்ந்த கால்சியம் அலுமினேட்டுகளில் சில 1400 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். கசடை முன்கூட்டியே சுண்ணாம்பால் நிறைவித்து வைத்திருந்தால் தப்பலாம். இல்லையென்றால் டோலமைட் கரையும்.

அதைவிடப் பெரிய பகை ஈரம். சுட்ட சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று நம் ஊரில் வெள்ளையடித்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டோலமைட் செங்கல் காற்றுப் புகாத பொட்டலத்தில் வருகிறது. பிரித்தால் கட்ட வேண்டும், கட்டினால் சூடேற்ற வேண்டும், சூடேற்றினால் ஆறவிடக் கூடாது. ஐப்பசி மழையில் பாதிப் பொட்டலத்தைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வாரம் கட்டலாம் என்பதற்கு இங்கே இடமில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் ஆலை, சிலிக்கான் ரக எஃகு, ஒழுங்கான கிடங்கு என்ற மூன்றும் இருந்தால் டோலமைட்டுக்குத்தான் என் ஓட்டு. ஒன்று குறைந்தாலும் தயங்குவேன்.

ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதி ஸ்டெயின்லெஸ் எஃகு செய்யும் ஏஓடி கன்வெர்ட்டர்களிலும் இதற்கு உறுதியான இடம் உண்டு. அங்கே முன்பு மேக்னீசியா-குரோம் செங்கல் இருந்தது. கழற்றிப் போட்ட செங்கல்லில் ஆறு இணைதிறன் குரோமியம் உருவாகி மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும் அபாயம் இருப்பதால், பலர் டோலமைட்டுக்கு மாறினார்கள். விலையைத் தாண்டி இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

காஸ்டபிள்

செங்கல்லே இல்லாத லைனிங். அலுமினாவும் ஸ்பைனலும் அல்லது மேக்னீசியாவும் கலந்த கலவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அச்சு வைத்து கான்கிரீட் போல வார்க்கிறார்கள். கொத்தனார்கள் குறைந்துவந்த ஜப்பானில் இது வேகமாகப் பரவியது. இணைப்பு இல்லாததால் எஃகு இறங்கும் வழியும் இல்லை. கார்பன் கிடையாது; கார் பாடிக்கான மிகக் குறைந்த கார்பன் தகடு செய்யும் ஆலைக்கு இது பெரிய வரம், ஏனென்றால் அங்கே செங்கல்லிலிருந்து வரும் சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) கார்பன்கூடத் தொந்தரவு. எனக்கு மிகவும் பிடித்த குணம் வேறு: தேய்ந்த பிறகு முழுக்க இடித்துக் கொட்ட வேண்டாம். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, குறைந்த கனத்துக்கு மட்டும் மறுபடி வார்க்கலாம். கழிவு குறைகிறது, வாங்கும் சரக்கும் குறைகிறது.

ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றுவதில்தான் எல்லாம். மெதுவாக, அட்டவணைப்படி, நாள் கணக்கில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீராவி அழுத்தத்தில் லைனிங் வெடித்துச் சிதறும். மிக்சர், அச்சு, வைப்ரேட்டர், உலர்த்தும் பர்னர், காயும்வரை மாற்றாக ஓட உபரி லேடில்கள் என்று முதலீடும் வேண்டும். கசடுக் கோட்டில் பெரும்பாலும் மேக்னீசியா-கார்பன் செங்கல்லையே வைக்கிறார்கள். பெரிய ஒருங்கிணைந்த ஆலைக்கு அருமை. நான்கைந்து லேடில் வைத்திருக்கும் ஆலைக்குச் சுமை.

ஒரு நடுத்தர ஆலைக்கு நான் சொல்வது

ஆர்க் ஃபர்னஸ், லேடில் ஃபர்னஸ், பில்லட் வார்ப்பு, வாரம் ஒரு நாள் நிறுத்தம் என்று ஓடும் ஆலையென்றால்: கசடுக் கோட்டுக்கு மேக்னீசியா-கார்பன், சுவருக்கும் தரைக்கும் அலுமினா-மேக்னீசியா-கார்பன், எஃகு விழுந்து மோதும் இடத்தில் கூடுதல் கனம். முழு லேடிலையும் விலை உயர்ந்த ரகத்தால் கட்டுவது வீண். கசடுக் கோடு இரண்டு முறை தேயும் நேரத்தில் சுவர் ஒரு முறை தேயும்படி அமைத்து, நடுவே கசடுக் கோட்டை மட்டும் மாற்றினால் போதும். ஆர்கான் விடும் பர்ஜிங் பிளக்கும், எஃகை வெளியே விடும் ஸ்லைட் கேட்டும் அதற்கு முன்பே மாற்றச் சொல்லும். அந்த நிறுத்தங்களோடு இதையும் கோத்துக்கொள்ளலாம்.

செங்கல்லை மாற்றும் முன் கசடை மாற்றிப் பாருங்கள் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கசடுக்கு மேக்னீசியாப் பசி இருக்கிறது. சுட்ட டோலமைட்டைச் சேர்த்து அந்தப் பசியை முன்பே தீர்த்துவிட்டால், அது சுவரிலிருந்து எடுக்காது. கசடு இளக வேண்டும் என்று ஃப்ளூர்ஸ்பார் என்ற கனிமத்தை அள்ளிப் போடுவதைக் குறைத்தாலே சுவர் கூடுதல் நாள் நிற்கும். கன்வெர்ட்டர்களில் இதே அறிவு இன்னும் தூரம் போனது: அமெரிக்காவில் 1990களில், மிச்சக் கசடை நைட்ரஜன் விட்டுச் சுவரெங்கும் தெறிக்கவைத்துப் பூசத் தொடங்கினார்கள். சில ஆயிரம் ஹீட்டில் முடிந்த லைனிங் அதன் பிறகு பல மடங்கு ஓடியது.

மூலப்பொருள் பற்றியும் ஒரு வார்த்தை. சேலம் சுண்ணாம்புக்கரட்டில் மேக்னீசியாவுக்கான கல்லான மேக்னசைட் இருக்கிறது. அதற்கென்றே 1979-ல் தொடங்கிய அரசு நிறுவனம் டான்மாக். இருந்தும் கசடுக் கோட்டுக்கான மிகத் தூய, மின்னுலையில் உருக்கிய மேக்னீசியாவுக்குச் சீனாவைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். சேலம் கல்லில் சிலிக்கா கூடுதல் என்பது முக்கியக் காரணம். 2017-ல் சீனா சுற்றுச்சூழல் கெடுபிடியால் ஆலைகளை மூடியபோது விலை எகிறி, செங்கல் தொழிலே ஆட்டம் கண்டது. கடும் தேய்மானம் இல்லாத இடங்களிலாவது உள்நாட்டுக் கல்லையும், கழற்றிய பழைய செங்கல்லை அரைத்துச் சேர்த்த ரகங்களையும் ஆலைகள் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டேஷன்களை ஒப்பிடும்போது டன் செங்கல்லின் விலையை மட்டும் எடுக்காதீர்கள். டன் எஃகுக்கு எவ்வளவு செலவு என்று கேளுங்கள். சூடேற்றும் எரிவாயு, வெப்ப இழப்பை ஈடுகட்டும் மின்சாரம், இடித்துக் கட்டும் கூலி எல்லாம் அதில் வர வேண்டும். சோதனைக்குக் கட்டிய லேடிலை இடிக்கும்போது ஒவ்வொரு வரிசையிலும் மிச்சக் கனத்தை அளந்து எழுதி வையுங்கள். எந்த வரிசை முதலில் மெலிந்தது, எந்தப் பக்கம், கசடு எந்த மட்டத்தில் நின்றது என்பதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரைப் போடலாம்.