பந்தயப் படநூல்களுக்கு டிரை கேபினட்: பந்திங் ஈரத்தில் எப்படி உழைக்கிறது?

கேமரா கடைகளில் விற்கும் டிரை கேபினட்டில், அதாவது உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் மின்பெட்டியில், லிமிடெட் எடிஷன் கார் பந்தயப் படநூல்களை வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். ஆனால் கேமராவுக்குச் சொல்லும் அளவுகளை நூலுக்கும் வைத்தால் நூல்தான் பாழாகும்.

சிப்பாங் பந்தய ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பதால் மலேசியாவின் பந்திங் வட்டாரத்தில் கார் பந்தய ஆர்வம் அதிகம். 1999 முதல் 2017 வரை அங்கே ஃபார்முலா 1 நடந்தது. அதற்கும் முன்னே, 1985இல், ஷா ஆலாமின் பத்து தீகா ஓடுபாதையில் ஜாக்கி இக்ஸும் யோகன் மாஸும் போர்ஷே 962இல் வென்ற நெடுந்தூரப் பந்தயத்தைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். ஆனால் சுற்றிலும் செம்பனைத் தோட்டம், மாலையானால் மழை. வீட்டுக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். இந்த நூல்களுக்கு எமன் அதுதான்.

காரணம் தாள். படநூல்கள் பெரும்பாலும் ஆர்ட் பேப்பரில் அச்சாகின்றன. அதன் மேலே களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோ பசை கலந்து பூசியிருப்பார்கள். ஈரம் ஏறினால் அந்தப் பூச்சு இளகும். அடுத்தடுத்த பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிறகு காய்ந்ததும் பிரித்தால் படமே உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். பூசணத்தையாவது ஓரளவு துடைக்கலாம், ஒட்டிய பக்கத்துக்கு மருந்தே கிடையாது.

கேமராவுக்கு ஈரப்பதம் 40 விழுக்காடு என்பார்கள். நூலுக்கு 50 வையுங்கள். 35க்குக் கீழே போனால் முதுகுப் பசை வெடிக்கும், அட்டை வளையும். அதிலும் ஒரே நாளில் இறக்கக் கூடாது. முதல் வாரம் 65, அடுத்த வாரம் 58, அதன் பிறகு 50. புதிதாக நூலை உள்ளே வைத்ததும் பெட்டியின் ஈரப்பத மீட்டர் ஏறினால் பெட்டி பழுது என்று நினைக்க வேண்டாம். தாளில் இருக்கும் ஈரம் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

அந்த மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தனியாக ஒரு சிறிய ஈரமானி வாங்கி முதலில் அதைச் சோதியுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல் ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத பையில் ஒன்றாகப் போட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அது 4 குறைவாகக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு பெட்டிக்குள் வைத்து ஒப்பிடுங்கள்.

பெட்டியில் இரண்டு வகை. ஒன்று பெல்டியர் வகை. மின்சாரத்தில் குளிரும் சில்லு ஈரத்தைக் குளிரவைத்து நீராக்கி வெளியேற்றும். மின்சாரம் நின்றால் சில்லில் படிந்த ஈரம் திரும்ப உள்ளேயே ஆவியாகலாம். மற்றது உறிஞ்சு குருணை வகை. குருணை ஈரத்தைப் பிடித்து வைத்து, சூடானதும் வெளிப்பக்கம் விடும். இடி மழைக்கு அடிக்கடி கரண்டு போகும் வீடுகளுக்கு எங்கள் தேர்வு இரண்டாவதுதான். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் தகும்.

வாங்கும்போது லிட்டர் கணக்கில் ஏமாறாதீர்கள். நூலை அல்ல, அதைச் செருகி வைக்கும் அட்டைக் கூடான ஸ்லிப்கேஸை அளந்து போங்கள். அதற்கு மேல் எல்லாப் பக்கமும் 2 செ.மீ. இடம் வேண்டும். 40 செ.மீ. அகல நூல் பல நடுத்தரப் பெட்டிகளில் குறுக்கே நுழையவே நுழையாது. தட்டு எவ்வளவு எடை தாங்கும் என்றும் கேளுங்கள். பெரிய நூல் ஒன்றே 5 கிலோ வரும், லென்ஸுக்குச் செய்த இழுவைத் தட்டு நடுவில் தொங்கிவிடும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு ரிங்கிட் தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டில் இருக்கும் முட்டைத்தட்டு போன்ற ஸ்பாஞ்சை எடுத்துவிட வேண்டும். சில வருடங்களில் அது பிசுபிசுத்து நூலில் அப்பிக்கொள்ளும். அமிலமில்லாத அட்டையை விரித்து, கனமான நூலைப் படுக்க வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம். ஸ்லிப்கேஸிலிருந்து நூலை இரண்டு விரல் அளவு வெளியே இழுத்து வைத்தால் காற்று உள்ளே போகும். பிவிசி உறை கூடாது, பாலியஸ்டர் உறை போடுங்கள். நாப்தலீன் உருண்டையும் உள்ளே வேண்டாம். பெட்டி விளக்கை அணைத்து வையுங்கள், மார்க்கர் கையொப்பம் வெளிச்சத்தில் மங்கும்.

பூசண வாடை இருக்கும் நூலை மட்டும் நேராக உள்ளே வைத்துவிடாதீர்கள். பெட்டி ஈரத்தைத்தான் எடுக்கும், பூசணத்தைக் கொல்லாது. பழைய நூல் வாங்கும்போதே பிரதி எண் போட்ட பக்கம், சான்றிதழ், ஸ்லிப்கேஸ் மூன்றிலும் எண் இருந்தால் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தனிப் படப்பிரதி சேர்த்து விற்ற பதிப்பானால் அதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். பல பிரதிகளில் அதை மட்டும் உருவி சட்டம் போட்டிருப்பார்கள். பிறகு நூலை முகர்ந்து, சந்தேகமானால் தனிப் பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் குருணையோடு வைத்து நன்றாக உலரவிட்டு, மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் துடைத்த பிறகே சேருங்கள்.

இரண்டு மூன்று நூல் மட்டும் இருப்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. ரப்பர் வளையம் உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அரைக் கிலோ சிலிக்கா ஜெல், ஈரமானி ஒன்று இருந்தால் போதும். ஆரஞ்சு நிறக் குருணை பச்சையானதும் ஓவனில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். பத்து நூலைத் தாண்டினால் கேபினட் வாங்குங்கள். சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள், பின்பக்கம் அடைபட்டால் ஈரம் வெளியேற வழியிருக்காது.