முயல் போர்டிங்கில், நாம் ஊரில்: குறையைச் சொல்வது போனிலா, வாட்ஸ்அப்பிலா, நேரிலா?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எங்கள் முயலைச் சென்னையிலேயே ஒரு போர்டிங்கில் விட்டுவிட்டுப் போனோம். தினமும் படம் அனுப்புவார்கள். அப்படி வந்த ஒரு படத்தில் கிண்ணம் நிறைய பெல்லட் (கடையில் விற்கும் குச்சித் தீனி), பக்கத்தில் கேரட் துண்டுகள், ஆனால் காய்ந்த புல் ஒரு இழைகூட இல்லை. பெரும்பாலும் நாயும் பூனையும் வந்து தங்கும் இடம் அது. கிண்ணம் நிறைந்திருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியமில்லை. சரி, இதை மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? இன்னும் சில நாள் நம் பிள்ளை அவர்கள் கையில்தானே இருக்கப் போகிறது.

திரும்பி வந்ததும் நேரில் சொல்லலாம் என்பார்கள். முகம் பார்த்துப் பேசினால் மனஸ்தாபம் வராது, உண்மைதான். ஆனால் முயலுக்கு அது தாங்காது. அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு நார் வேண்டும். தின்பதில் ஐந்தில் நான்கு பங்காவது புல்லாக இருப்பது நல்லது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் கிடந்தாலே ஆபத்து. கொண்டுபோய் விடும் அன்று விவரம் சொல்ல நேர்ப்பேச்சுதான் சிறந்தது. இடையில் வரும் குறைக்கு உதவாது.

போன் வேகமானது. "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று குரலிலேயே பாதியைச் சமாளித்துவிடலாம். அவரும் "நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்பார். ஆனால் போனை எடுப்பவர் உரிமையாளர். கூண்டைத் துடைத்துத் தீனி வைப்பவர் வேறொரு பையன். நான் சொன்னதில் எவ்வளவு அவனிடம் போய்ச் சேரும்? நாலு நாய் குரைக்கும் இடத்தில் "கொஞ்சம் புல்லும் போடு" என்பதோடு முடிந்துவிடும்.

நான் வாட்ஸ்அப் பக்கம் சாய்வது இதனால்தான். எழுதியதை அப்படியே அந்தப் பையனுக்கு ஃபார்வர்ட் செய்துவிடலாம். ஆனால் அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் அவர்கள் அனுப்பிய படத்திலேயே புல் வைக்க வேண்டிய மூலையில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். எழுதியது இவ்வளவுதான்:

"வணக்கம் சார், தினமும் படம் அனுப்பறதுக்கு ரொம்ப நன்றி. இன்னிக்குப் படத்துல புல் தெரியல. நான் குடுத்த பையில இருந்து காலையும் சாயங்காலமும் ரெண்டு கைப்பிடி போடச் சொல்ல முடியுமா? கேரட் வேண்டாம், அதுல இனிப்பு அதிகம். கூண்டு துடைக்கறதுக்கு முன்னாடி தட்டை ஒரு படம் எடுத்து அனுப்பினா நிம்மதியா இருக்கும்."

"நீங்கள் போடவில்லை" என்று எழுதவில்லை, "படத்தில் தெரியவில்லை" என்றுதான் எழுதினேன். அதைவிடக் கடைசி வரி முக்கியம். தட்டு என்றால் தீனித் தட்டு இல்லை, கூண்டில் புழுக்கை விழும் தட்டு. நன்றாகத் தின்னும் முயலின் புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, பழுப்பாக இருக்கும். உடைத்தால் உள்ளே புல் நார் தெரியும். சிறுத்து, கறுத்து, எண்ணிக்கையும் குறைந்தால் வயிறு சரியில்லை. அந்தப் படம் வந்துவிட்டால் "சாப்பிட்டதா, நிஜமாகவா?" என்று யாரையும் குடைய வேண்டியதில்லை. மறுநாள் படத்தில் புல்லும் இருந்தது, தட்டும் திருப்தியாக இருந்தது.

வாட்ஸ்அப்பிலும் வில்லங்கம் உண்டு. நீல டிக் விழும், பதில் வராது. இரண்டு கேள்விக்குறி சேர்த்துப் போட்டால் சண்டைக்கு வந்த மாதிரி தெரியும். அப்போது போன்தான். கூகுள் ரிவ்யூவில் போய் எழுதுவதை, முயல் வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கலாம்.

இதெல்லாம் வீட்டோடு சேர்த்து நடத்தும் ஒரு சின்ன இடத்தில் கிடைத்த அனுபவம். ஆப், கஸ்டமர் கேர் என்று இருக்கும் பெரிய இடங்களில் நான் விட்டதில்லை. அங்கே போன் எடுபடலாம். கினி பிக் வைத்திருப்பவர்கள் அதே மெசேஜில் குடைமிளகாயையும் சேர்த்துக்கொள்ளலாம். நம்மைப் போல அதன் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது, தினமும் தீனியில் வந்தாக வேண்டும்.

காலையிலிருந்து எதையும் தொடவில்லை, தட்டும் காலி என்று தெரிந்தால் மட்டும் நான் மெசேஜ் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். உடனே போன், உடனே டாக்டர். முயல் பார்க்கும் டாக்டர் எல்லாத் தெருவிலும் கிடைக்க மாட்டார். அதனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் வழியையும், நம் டாக்டரின் எண்ணையும், செலவு எங்களுடையது என்பதையும் விடும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.