10 சென்டிமீட்டர் தூரத்தில் வாசிப்பு: ஹாஃப்-ஐ பிரிசம் கண்ணாடி, நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா கெட்டு நடுப்பார்வை மங்கியவர்களுக்கு லோ விஷன் (குறைபார்வை) கிளினிக்கில் அடிக்கடி எழுதிக் கொடுக்கப்படுவது ஹாஃப்-ஐ (அரை உயர லென்ஸ்) பிரிசம் கண்ணாடி. பார்ப்பதற்குச் சாதாரண வாசிப்புக் கண்ணாடி போலவே இருக்கும். ஒளியை வளைக்கும் ஆப்பு வடிவமான பிரிசம் சேர்ந்திருப்பதால் மூக்குப் பக்கம் மட்டும் லென்ஸ் தடித்திருக்கும். இதை வாங்கிய பலர் இரண்டே வாரத்தில் "மங்கலா தெரியுது, தலை வலிக்குது" என்று மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் கண்ணாடியில் குறை இருக்காது. பிடிக்க வேண்டிய தூரத்தை யாரும் அவர்களுக்குப் பழக்கிக் காட்டியிருக்க மாட்டார்கள்.

100-ஐ லென்ஸின் பவரால் வகுத்தால் அந்தத் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். +8 பவருக்கு 12.5 செ.மீ., +10-க்கு 10 செ.மீ. நாற்பது வயதுக்கு மேல் போடும் +2.5 கண்ணாடியில் 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் பிடிக்கிறோம். அங்கே ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் 0.06 டயாப்டர்தான் (லென்ஸ் பவரின் அலகு) பிசகும், கண்ணுக்கே தெரியாது. +10 கண்ணாடியில் அதே ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் 0.9 டயாப்டர் பிசகுகிறது, எழுத்து கலைந்துபோகிறது. வயதானவர்களின் கண் இந்தப் பிசகைத் தானாகச் சரிசெய்யாது. கை லேசாக நடுங்கினாலே வரி மங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பழகும் முறை முக்கியம். தாளை மூக்கைத் தொடும் அளவுக்குக் கொண்டுவந்து, மெல்ல வெளியே நகர்த்த வேண்டும். எழுத்து தெளியும் இடத்தில் நிறுத்தி, முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் தலையை அசைக்கக் கூடாது, தாளை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே வாசிக்க வேண்டும். வரி முடிந்ததும் அதே வரியின் மேலாகவே தொடக்கத்துக்குத் திரும்பி, பிறகு ஒரு வரி இறங்க வேண்டும். குறுக்காகத் தாவினால் வரி தொலைந்துவிடும். கறுப்பு அட்டையில் ஒரு வரி அகலத்துக்கு நீளமான துளை வெட்டி மேலே வைத்துக்கொண்டால் வரியும் தொலையாது, வெள்ளைத் தாளின் கூச்சமும் குறையும். முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம் போதும்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். 10 செ.மீ. தூரத்தில் வாசிக்கும்போது உச்சியிலுள்ள டியூப்லைட்டைத் தலையே மறைத்துவிடும். வளைக்கக்கூடிய கழுத்துள்ள டேபிள் லேம்பை, நன்றாகத் தெரியும் கண்ணின் பக்கம், கண் மட்டத்துக்குக் கீழே வைத்து, தாளை மட்டும் நோக்கித் திருப்ப வேண்டும். சிறிய பல்பு லேம்பின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். எல்.இ.டி. பல்பு போட்டால் முகத்தில் சூடு அடிக்காது. லேம்ப் இல்லாமல் கண்ணாடி மட்டும் வாங்குவது, எங்கள் கணிப்பில், பாதிப் பணத்தை வீணாக்குவதுதான்.

பிரிசம் எதற்கு? பத்து சென்டிமீட்டரில் இரண்டு கண்ணும் ஒரே எழுத்தைப் பார்க்க உள்பக்கம் மிகவும் திரும்ப வேண்டும். அந்தச் சுமையைப் பிரிசம் தாங்கிக்கொள்கிறது. பிரிசத்தின் அளவுக்குப் பவரோடு இரண்டைக் கூட்டுவது வழக்கம்: +6-க்கு ஒவ்வொரு கண்ணிலும் 8 பிரிசம் டயாப்டர், +10-க்கு 12. +12-க்கு மேல் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பயன்படுத்த முடிவதில்லை. அப்போது நல்ல கண்ணுக்கு மட்டும் பவர் கொடுத்து, தொந்தரவு செய்தால் மற்றதை மறைத்துவிடுவார்கள்.

பவரைத் தேர்ந்தெடுக்க ஒரு எளிய கணக்கு உண்டு. தூரப்பார்வை 6/60 என்றால், அதாவது நல்ல கண் 60 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்றால், 60-ஐ 6-ஆல் வகுக்க, +10. இது தொடக்கம் மட்டுமே. தட்டுத் தடுமாறி ஒரு சொல் படிப்பதற்கும் ஒரு பத்தியைச் சரளமாகப் படிப்பதற்கும் இடையே நிறைய வித்தியாசம் உண்டு, சரளத்துக்குக் கூடுதல் பவர் தேவைப்படும். தமிழில் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும்: மெய்யெழுத்தின் புள்ளி, 'கி'-க்கும் 'கீ'-க்கும் உள்ள சுழி. எழுத்தின் உருவம் தெரிந்தும் இவை தெரியாவிட்டால் பொருளே மாறிவிடும். சோதனைக்குப் போகும்போது வீட்டில் வரும் செய்தித்தாள், மாத்திரை அட்டை, வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நாள்பட வரும் தொல்லைகள் சிறியவை. ஆனால் கவனிக்காமல் விட்டால் கண்ணாடியே பயன்படாது. மூக்குப் பக்கக் கனத்தால் பிரேம் வழுக்கி இறங்கும். திருகையும் மூக்குப் பட்டையையும் சில மாதங்களுக்கு ஒருமுறை கடையில் சரிசெய்துகொள்ள வேண்டும். முகத்தருகே தாள் இருப்பதால் மூச்சுக்காற்று லென்ஸில் படியும், இமை எண்ணெயும் ஒட்டும். சட்டை நுனியால் காய்ந்தபடியே துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸ் கீறும். தண்ணீரில் அலசி, ஒரு சொட்டு சோப்புத் திரவத்தால் கழுவி, மென்துணியால் ஒற்றியெடுங்கள்.

இதைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. தூரத்தில் எல்லாமே மங்கல். அரை உயர லென்ஸ் என்பதால் மேலாக நிமிர்ந்து எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கலாம், அவ்வளவே. டிவிக்கு எஷன்பாக் நிறுவனத்தின் மேக்ஸ் டிவி போன்ற 2.1 மடங்கு தொலைநோக்கிக் கண்ணாடி இருக்கிறது. அதை வாங்கும் முன் நாற்காலியை 3 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்கு இழுத்துப் போட்டுப் பாருங்கள், அதே இரண்டு மடங்கு செலவில்லாமல் கிடைக்கும்.

குழாய் வழியாகப் பார்ப்பது போல் பக்கப்பார்வை சுருங்கியவர்களுக்கு, அதாவது முற்றிய கிளாக்கோமா, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ளவர்களுக்கு, அதிக பவர் எதிர்மாறாக வேலை செய்யும். எழுத்து பெரிதாகப் பெரிதாக, அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கும் எழுத்துகள் குறையும். அவர்களுக்குக் குறைந்த பவர், நல்ல லேம்ப், வெயிலுக்கு ஆம்பர் அல்லது ஆரஞ்சு நிற ஃபில்டர் என்று வழி வேறு.

பார்வையின் நடுவில் கறுப்புத் திட்டு இருப்பவர்கள் பார்வையை ஓரமாகத் திருப்பவும் பழக வேண்டும். ஒரு கடிகார முகப்பின் நடுவில் ஒரு சொல்லை எழுதி, கண்ணை 12, 3, 6, 9 என்று எண்களின் மேல் மாற்றி வையுங்கள். எந்த எண்ணைப் பார்க்கும்போது நடுச்சொல் நன்றாகத் தெரிகிறதோ, வாசிக்கும்போதும் அந்தத் திசையில் கண்ணைத் திருப்ப வேண்டும். கண்ணாடிக்குப் பழகுவதைவிட இதற்கு நாள் அதிகம் பிடிக்கும்.

ஓராண்டு கழித்து அதே கண்ணாடி போதாமல் போவதும் உண்டு, நோய் மெல்ல முன்னேறினால் பவரை மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் திடீரென்று நேர்கோடுகள் வளைந்து தெரிந்தாலோ, எழுத்தின் நடுவில் புதிதாக ஒரு கறை வந்தாலோ கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். அது விழித்திரையில் கசிவாக இருக்கலாம், அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.