பத்துக் கோடி வரிசைகளில் ஒரு சீட்டு: இன்டெக்ஸா, பகுப்பா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் ஆகிய ஊர்களில் கிளைகள் கொண்ட ஒரு நகை அடகு நிறுவனத்தின் வரவு அட்டவணை பத்துக் கோடி வரிசைகளைத் தாண்டிவிட்டதாகக் கொள்வோம். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். அதனிடம் அன்றாடம் இரண்டு கேள்விகள் வருகின்றன: அடகுச் சீட்டோடு வந்து நிற்கும் வாடிக்கையாளர் இதுவரை கட்டியது என்ன, ஒரு கிளையில் ஒரு மாதம் வசூலான வட்டி எவ்வளவு. விடையை விரைவாகத் தர இரண்டு முறைகள் உண்டு: புத்தகத்தின் பொருளடைவுபோல வரிசைகளின் இடத்தைக் காட்டும் இன்டெக்ஸ் ஒன்று, அட்டவணையையே மாதவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் பகுப்பு மற்றொன்று. இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்காத வரை, எந்த முறை மேல் என்ற விவாதம் தீராது.

முதல் கேள்விக்கு, மரம்போல் கிளைத்து அடுக்கப்பட்ட பி-ட்ரீ இன்டெக்ஸுக்கு நிகரில்லை. சீட்டு எண்ணின் மீது அது இருந்தால், நான்கைந்து பக்கங்களை, அதாவது வட்டில் தரவு சேமிக்கப்படும் சிறு துண்டுகளை, படித்த அளவிலேயே உரிய வரிசைகளின் இடம் தெரிந்துவிடும். அட்டவணை இரட்டிப்பானாலும் அந்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. இங்கே மாதவாரியாகப் பகுப்பது உதவாததோடு கெடுதலும் செய்யும். வினவலில் தேதி இல்லாததால், பத்தாண்டுக் கணக்கென்றால் 120 பகுதிகளின் இன்டெக்ஸ்களையும் தரவுத்தளம் துழாவ வேண்டிவரும். அட்டவணை பெரிதானாலே பகுத்துவிட வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

இரண்டாம் கேள்வியில் போட்டி நெருக்கமானது. முதலில் கிளை, அடுத்துத் தேதி என்று அமைந்த கூட்டு இன்டெக்ஸ், தேவகோட்டையின் மார்ச் மாதப் பதிவுகளை மட்டும் தொடர்ச்சியாக எடுத்துத் தரும். தேதியை முன்னால் வைத்தால் எல்லாக் கிளைகளின் மார்ச் பதிவுகளையும் கடந்தாக வேண்டும். மாதப் பகுப்போ அந்த ஒரு மாதத்தின் பகுதியைத் தவிர மற்றவற்றைத் தொடாது. முடிந்த மாதங்களின் கூட்டுத்தொகை இனி மாறாதென்றால், அதைத் தனி அட்டவணையில் எழுதிவைப்பது இவ்விரண்டையும் விட வேகமானது.

போஸ்ட்கிரெஸ் 9.5இல் வந்த பிரின் இன்டெக்ஸும் உண்டு. இயல்பான அமைப்பில் 128 பக்கங்களுக்கு, அதாவது ஒரு மெகாபைட்டுக்கு, ஒரு சிறும மதிப்பையும் ஒரு பெரும மதிப்பையும் மட்டுமே அது குறித்துக்கொள்வதால், இடம் மிகக் குறைவாகவே பிடிக்கும். ஆனால் பதிவுகள் தேதி வரிசையிலேயே வட்டில் அமைந்திருந்தால்தான் பயன் தரும்.

பகுப்பின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. ஆண்டுக்கொரு பேரேடு போட்டுப் பழையதைப் பெட்டகத்தில் பூட்டும் கணக்குப்பிள்ளையைப் போல, தேவையற்ற காலத்தை மொத்தமாகக் கழற்றிவிட அது இடம் தருகிறது. கோடிக்கணக்கான வரிசைகளை டெலீட் செய்தால் செத்த வரிசைகள் அப்படியே கிடக்கும், அவற்றைத் துப்புரவு செய்யும் வேக்யூம் ஓடியாக வேண்டும். ஒரு பகுதியை நீக்குவதோ நொடிப்பொழுது வேலை. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு: தேதியால் பகுத்த அட்டவணையின் முதன்மைச் சாவியில், அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பில், தேதியும் இடம்பெற்றாக வேண்டும் என்பதால், ரசீது எண் மட்டும் மொத்த அட்டவணையிலும் இரட்டிக்காது என்ற உறுதி போய்விடும். பணக் கணக்கில் இது சிறிய இழப்பன்று.

ஆகவே முதலில், வினவல் எந்த வழியில் எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் கட்டளையை ஓட்டிப் பார்த்து, கூட்டு இன்டெக்ஸைச் சேர்ப்பேன். பழைய ஆண்டுகளை வெளியேற்றும் தேவை வந்தால்தான் பகுப்பேன். பகுத்த பின், ஏப்ரல் புதுக்கணக்குக்கான பகுதியை மார்ச்சிலேயே உருவாக்கி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், எந்தப் பகுதியிலும் சேராத வரிசைகளை ஏற்கும் இயல்புப் பகுதி ஒன்று இல்லாத நிலையில், ஏப்ரல் முதல் நாளின் முதல் வரவே பதிவாகாது.